சுவருக்குள்ளே கும்பலக்கா

சினிமாவில் பேருந்து நிலையம் வந்தால் காதலர்கள் முன்னால் நின்று அழுவார்கள், பின்னால் ஊரே பேசிக்கொண்டிருக்கும். அந்த ஊரில் பாதிப் பேர் ஒரே ஆள்தான். டப்பிங் தியேட்டரில் அவளுக்குக் கும்பலக்கா என்று பேர். குழந்தையைச் சமாதானப்படுத்தும் அம்மா, சில்லறை கேட்டு நச்சரிக்கும் கிழவி, பெட்டியைக் காணோம் என்று பதறும் பெண், ஒன்றுமே நடக்காதபோது "ஐயோ என்னாச்சு" என்று ஓடிவரும் பொம்பளை, எல்லாம் அவள். படம் முடிந்து பெயர்கள் ஓடும்போது கடைசியில் 'மற்றும் பலர்' என்று வருமே, அந்தப் பலரில் ஏழெட்டுப் பேர் அவள் ஒருத்தியே என்று சத்தியம் செய்யலாம்.

கூட்டக் குரலுக்கென்று சில விதிகள் உண்டு. மைக்கைப் பார்த்துப் பேசக் கூடாது. முதுகைக் காட்டிப் பேச வேண்டும், இல்லாவிட்டால் நடந்துகொண்டே பேச வேண்டும். எடுப்பான வார்த்தை எதுவும் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலே, ஒரு வாக்கியத்தையும் முடிக்கக் கூடாது. முடித்துவிட்டால் பார்க்கிறவன் காது கதாநாயகியை அம்போ என்று விட்டுவிட்டு, அந்தம்மாவுக்குப் பெட்டி கிடைத்ததா இல்லையா என்று பின்னாலேயே போய்விடும். அதனால் "நேத்தே சொன்னேன் அவர்கிட்ட, அந்த..." என்று ஆரம்பித்துக் காற்றில் விட்டுவிட வேண்டும். இருபது வருஷமாக அவள் அந்த வேலையைச் செய்தாள். இருபது வருஷத்தில் வேலை நேரத்தில் அவள் முழுசாகச் சொன்ன ஒரே வாக்கியம், "டீ வந்துருச்சா?" என்பதுதான்.

வீட்டில் வட்டியும் முதலுமாகச் சேர்த்து முடிப்பாள். அவள் வீட்டுக்காரர் லிஃப்ட் பழுது பார்ப்பவர். "ம்", "சரி", "பார்க்கலாம்", இந்த மூன்றை வைத்தே குடும்பம் நடத்தியவர். கல்யாணமான புதிதில் ஒருநாள் சமையலறையிலிருந்து இவள் திட்டிய திட்டில், யாரோ நாலைந்து பேர் விருந்துக்கு வந்திருக்கிறார்கள் என்று நினைத்து மனிதர் சட்டையை மாட்டிக்கொண்டு வந்து நின்றாராம். மகள் வெளியூரில் விடுதியில் தங்கி நர்சு படிப்பு படித்தாள். கீழ்வீட்டில் நாத்தனார். பள்ளிக்கூடத்தில் டிரில் டீச்சர். கழுத்தில் தொங்கும் விசிலை ஞாயிற்றுக்கிழமைகூடக் கழற்ற மாட்டாள். அண்ணன் பேசாமல் மிச்சம் பிடித்த பேச்சையெல்லாம் பிறந்ததிலிருந்து தங்கைதான் செலவு செய்துகொண்டிருந்தாள்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த கும்பலக்காவின் வாழ்க்கையில்தான் அந்தப் பேய்ப் படம் வந்து சேர்ந்தது.

பேய்ப் படம் என்றால் அந்தரத்தில் மிதக்கிற பேய் இல்லை. மனசுக்குள் இருக்கிற பேய். அம்மா இறந்த பிறகு ஒரு பெண் தனியாக ஒரு அடுக்குமாடி வீட்டுக்குக் குடிவருகிறாள். படுக்கையறைச் சுவருக்குள்ளிருந்து ஒரு குரல் கேட்கிறது. குரல் சுவரில் இருக்கிறதா, அவள் தலைக்குள் இருக்கிறதா என்று கடைசி வரை சொல்ல மாட்டார்கள். சொல்லாததற்கும் சேர்த்துத்தான் டிக்கெட். இயக்குநருக்கு இது முதல் படம். ஒல்லியான ஆள், முகத்தில் பாதிக்கு மேல் தாடி. எல்லோருக்கும் அவர் தாடிதான், தயாரிப்பாளர் உட்பட.

சுவர்க் குரலுக்கு அவர் பார்க்காத ஆள் இல்லை. பேய்க் குரலுக்கென்றே பெயர் வாங்கிய நாலைந்து பேர் வந்து உறுமினார்கள், சிரித்தார்கள், புஸ்ஸு புஸ்ஸென்று மூச்சு விட்டார்கள். ஒருவர் உறுமிய வேகத்தில் வாய்ப்பல் செட் கழன்று மைக்கில் பட்டது. அன்று ஆஸ்பத்திரி வராந்தாக் காட்சிக்குக் கூட்டமாக இருந்துவிட்டுக் கிளம்பிய கும்பலக்கா, தாடி மாடிப்படியில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாள்.

"என்ன தம்பி, தலைவலியா?"

"பேய் கிடைக்கலக்கா."

"வேற எங்கயாச்சும் பார்த்தீங்களா?"

தாடி நிமிர்ந்து பார்த்தார். "நீங்க ஒரு தடவ சொல்லிப் பாருங்களேன்."

"பேயாவா?"

"அம்மாவா."

"இருக்கிற அம்மாவா, செத்த அம்மாவா?"

"அது எனக்கே தெரியாதுக்கா. அதான் படம்."

கையில் ஒரு தாளைக் கொடுத்தார். நாலு வரி. 'சாப்டியாம்மா? தட்டக் கழுவி வச்சுட்டுப் படு. கதவச் சாத்திட்டியான்னு ஒரு தடவ பாரு. தூங்கும்போது முடிய முகத்துல போட்டுக்காம படு.' கும்பலக்கா படித்துப் பார்த்தாள். இதில் பேய்க்கு என்ன வேலை என்று அவளுக்குப் புரியவில்லை. தினமும் சாயங்காலம் மகளுக்குப் போன் போட்டு அவள் சொல்வதே இதுதான். சரி, இருக்கட்டும் என்று உள்ளே போனாள். பழக்கதோஷத்தில் மைக்குக்கு முதுகைக் காட்டி நின்றாள். மகளிடம் பேசுகிற மாதிரியே பேசினாள். பழக்கதோஷத்தில் எதையும் முடிக்கவில்லை.

"சாப்டியா... தட்டக் கழுவி..."

"கதவச் சாத்திட்டியான்னு ஒரு..."

"தூங்கும்போது முடிய முகத்துல..."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒருவரும் பேசவில்லை. பிடிக்கவில்லை போல என்று நினைத்துப் பையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். பாதி வழி வந்த பிறகுதான் பேருந்தில் உட்கார்ந்திருந்தவளுக்குத் திக்கென்றது. உடனே போன் போட்டாள்.

"தம்பி, பெரிய தப்பு பண்ணிட்டேன். ஒரு வரியக்கூட முடிக்கல. நாளைக்கு வந்து முடிச்சுக் குடுத்துடறேன்."

"வேணாங்க்கா." தாடியின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

"ஏன் குரல் ஒரு மாதிரி இருக்கு? காய்ச்சலா?"

"எல்லாரும் சாப்பிடப் போயிட்டாங்க. தனியா உக்காந்து ஒரு தடவ போட்டுக் கேட்டேன். இப்ப எல்லா லைட்டையும் போட்டு வச்சிருக்கேன். அப்படியே இருக்கட்டுங்க்கா. படத்துல 'சுவர்க் குரல்'னு தனி வரி போட்டு உங்க பேரப் போடறேன்."

தனி வரி. மற்றும் பலர் இல்லை. பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரி திரும்பிப் பார்க்கிற அளவுக்குக் கும்பலக்கா சிரித்துக்கொண்டே இறங்கினாள். வீட்டுக்காரரிடம் சொன்னபோது அவர் "ம்" என்றார். அவ்வளவுதானா என்று இவளுக்கு மனசு சப்பென்று போனது. பிறகுதான் தெரிந்தது, அந்த மாதம் லிஃப்டில் மாட்டிக்கொண்ட அத்தனை பேரிடமும் கதவைத் திறப்பதற்கு முன் இந்தச் செய்தியைச் சொல்லிவிட்டுத்தான் திறந்திருக்கிறார். மாட்டிக்கொண்டவர்கள் பாவம், கேட்காமல் எங்கே போவார்கள்.

படம் வெள்ளிக்கிழமை வந்தது. சனிக்கிழமை காலையிலிருந்து விமர்சனங்கள் வந்தன.

வீட்டுக்காரர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பேப்பரைப் படித்தார். வாழ்நாளில் அவர் அவ்வளவு நீளமாகப் பேசி யாரும் கேட்டதில்லை.

"'அந்தச் சுவர் பேசும்போது முதுகுத்தண்டு சில்லிடுகிறது. பாதியில் அறுந்து நிற்கும் ஒவ்வொரு வாக்கியத்தையும் நம் பயமே முடித்துக்கொள்கிறது. வசனங்களை இப்படி முறித்துப் போட்டதில் இயக்குநரின் மேதைமை தெரிகிறது.'"

பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்த கும்பலக்கா கத்தியை நிறுத்தினாள். "யாரோட மேதைமை?"

"இயக்குநரோட."

"கண்ணாடியத் துடைச்சிட்டு இன்னொரு தடவ படிங்க."

துடைத்துவிட்டுப் படித்தார். இயக்குநருடையதுதான்.

அதற்குள் மாடிப்படியில் தடதடவென்று சத்தம். நாத்தனார் கையில் போனோடு வந்து நின்றாள். "அண்ணி, ஒரு பையன் காருக்குள்ள உக்காந்து, கூலிங் கிளாஸ் போட்டுக்கிட்டுப் பேசறான். கேக்கறீங்களா, கீழ போயிடட்டுமா?"

"நல்லதா பேசறானா?"

"அதனாலதான் கேட்டேன், கீழ போயிடட்டுமான்னு."

"போடு, கேப்போம்."

காருக்குள்ளிருந்த பையன் கையை ஆட்டி ஆட்டிப் பேசினான். "நண்பர்களே, பேய்னா ஒரு மரியாதை வேணாமா? இது என்னன்னா சாப்டியாங்குது. சாப்ட்டேம்மா, போன வைன்னு தியேட்டர்ல பின்னாடி ஒருத்தன் கத்தறான். தியேட்டரே சிரிக்குது. அந்தச் சாப்டியாவையாச்சும் முழுசா கேக்குதா? வசனம் எழுதும்போது டைரக்டருக்குக் கரண்டு போயிடுச்சு போல."

முதலில் சிரித்தது கும்பலக்காதான். சிரித்து முடித்த பிறகுதான் கோபம் வந்தது. கத்தி மறுபடி பீன்ஸ் மேல் இறங்கிய வேகத்தில் வீட்டுக்காரர் பேப்பரோடு கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்.

அந்த வாரம் முழுக்க இதே கூத்துதான். அண்ணன் நல்ல விமர்சனமாகத் தேடித் தேடிப் படித்தார். தங்கை கெட்டதாகத் தேடித் தேடிக் கொண்டுவந்தாள், அண்ணி மேல் பிரியம் இல்லாமல் இல்லை, மறைத்து வைத்தால் வயிறு ஊதிவிடும் என்பதால். ஒருவர் ஐந்துக்கு நாலு நட்சத்திரம் கொடுத்து, இரண்டு நாளாக வீட்டில் சுவர்ப் பக்கம் படுக்கவில்லை என்று எழுதினார். இன்னொருவர் ஒன்றரை கொடுத்து, அந்த அரை நட்சத்திரம் கதாநாயகி வீட்டுத் திரைச்சீலைக்கு என்றார். ஒருத்தி படம் பார்த்துவிட்டுத் தன் அம்மாவுக்குப் போன் போட்டு அழுததாகச் சொன்னாள். இன்னொருவர் மனநோய் என்பதை இவ்வளவு மேலோட்டமாகக் காட்டலாமா என்று பக்கம் பக்கமாகக் கேட்டார். அந்த ஆளிடம் மட்டும் கும்பலக்காவுக்கு மரியாதை வந்தது. "இந்தாள் நியாயமாத்தான் கேக்கறாரு," என்றாள்.

உலகம் இரண்டாகப் பிரிந்து அடித்துக்கொண்டது. அடித்துக்கொண்டது பூராவும் அந்த நாலு வரிக்காக. அதை நினைத்தால் கும்பலக்காவுக்கு உள்ளுக்குள் ஜிவ்வென்று இருந்தது. இருபது வருஷமாக யார் காதிலும் விழாமல் பேசுவதற்கே சம்பளம் வாங்கியவள், இப்போது நாட்டில் பாதிப் பேருக்குத் தூக்கம் வராமல் செய்திருக்கிறாள், மீதிப் பேரை விழுந்து விழுந்து சிரிக்க வைத்திருக்கிறாள். சும்மாவா? ஆனால் ஒரு முள். பாராட்டும் அவளுக்கு வரவில்லை, திட்டும் அவளுக்கு வரவில்லை. இரண்டும் வழி தவறித் தாடி வீட்டுக்கே போய்க்கொண்டிருந்தன. போதாக்குறைக்குத் தாடி ஒரு பேட்டியில், "வாக்கியங்களை உடைத்தது நெடுநாள் யோசனை" என்று வேறு சொல்லிவிட்டார்.

"உடைச்சாராம்," என்றாள் கும்பலக்கா.

"விசில் ஊதட்டுமா அண்ணி?" என்றாள் நாத்தனார். "ரெண்டு ரவுண்டு ஓட விட்டா உண்மை தானா வரும்."

புதன்கிழமை தயாரிப்பாளரிடமிருந்து போன் வந்தது. அவர் சலவைக்கல் வியாபாரி. படம் எடுப்பதற்கு முன்பும் சரி, பின்பும் சரி, நல்ல மனிதர். நேராக விஷயத்துக்கு வந்தார்.

"அம்மா, அடுத்த வாரத்தோட தியேட்டர்ல எடுத்துடறாங்க. அதுக்கப்புறம் படம் இன்டர்நெட்லதான். உலகம் பூராவும் அதத்தான் பார்க்கப்போகுது. உங்க வரி நாலையும் முழுசா பேசிக் குடுத்துடுங்க."

"நல்லாருக்குன்னுதானே பாதிப் பேரு எழுதியிருக்காங்க?"

"பாதிப் பேருதானேம்மா. மீதிப் பாதி சவுண்டு கட்டாகுதுன்னு ஆபரேட்டர் ரூமுக்குப் போய்ச் சண்டை போட்டிருக்கு. ஒரு ஊர்ல ஆபரேட்டர் பயந்துபோய் ஸ்பீக்கரையே கழட்டிப் பார்த்திருக்காரு. நான் கல்லு விக்கறவன். பாதி உடைஞ்ச கல்ல, இதுதாங்க டிசைனுன்னு எத்தனை பேர்கிட்ட விக்க முடியும்?"

அவர் சொல்வதிலும் ஒரு நியாயம் இருக்கத்தான் செய்தது. கும்பலக்கா யோசித்துச் சொல்வதாகச் சொல்லிப் போனை வைத்தாள். 

"மாட்டேன்னு சொல்லுங்க," என்றாள் நாத்தனார்.

"சொன்னா வேற ஒருத்தியக் கூட்டிட்டு வந்து என்னை மாதிரியே பேச வைப்பாங்க. அதுக்கு நானே பேசிட்டுப் போறேன்."

"அப்ப நீங்க முதல்ல பேசினது?"

"தியேட்டர்ல எடுக்கற வரைக்கும் இருக்கும். அப்புறம் இருக்காது."

வீட்டுக்காரர் "ம்" கூடச் சொல்லவில்லை. திருப்புளியை எடுத்து, நன்றாக இருந்த மிக்சியைக் கழற்ற ஆரம்பித்தார்.

மறுநாள் கும்பலக்கா டப்பிங் தியேட்டருக்குப் போனாள். உள்ளே தயாரிப்பாளர், தாடி, சவுண்டு இன்ஜினியர். தாடி எழுந்து வணக்கம் வைத்துவிட்டு, கால் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்தார். கூலிங் கிளாஸ் பையன் அவரைத் திட்டிய திட்டில் ஒரு சுற்று இளைத்திருந்தார். அவரை நாலு கேள்வி கேட்க வேண்டும் என்று பேருந்தில் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்தவள், அந்த முகத்தைப் பார்த்ததும் அதை விட்டுவிட்டாள்.

இந்த முறை மைக்கைப் பார்த்து நின்றாள். தாளைப் பார்த்து, நிறுத்தி, தெளிவாக, கடைசி எழுத்து வரைக்கும் சொன்னாள்.

"தூங்கும்போது முடிய முகத்துல போட்டுக்காம படு."

ஒரே டேக். நாலு வரியும் ஓகே. வேலை வேலைதான், அதில் அவள் குறை வைக்க மாட்டாள். இன்ஜினியர் காட்சியோடு சேர்த்துப் போட்டுக் காட்டினார். இருட்டறையில் அந்தப் பெண் போர்வையை இழுத்துக்கொண்டு நடுங்குகிறாள். சுவர் அவளிடம் முடியை ஒதுக்கிவிட்டுப் படுக்கச் சொல்கிறது. இவ்வளவு நல்ல சுவருக்கு இந்தப் பெண் ஏன் இப்படி நடுங்குகிறாள் என்று இருந்தது.

"எங்கம்மா ஞாபகம் வருது," என்றார் இன்ஜினியர்.

"தெளிவா இருக்கு," என்றார் தயாரிப்பாளர், நிம்மதியாக. "இனிமே எவனும் ஸ்பீக்கரைக் கழட்ட மாட்டான். ரொம்ப நன்றிம்மா."

கும்பலக்கா காதில் மாட்டியிருந்ததைக் கழற்றி ஸ்டாண்டில் வைத்துவிட்டு வெளியே வந்தாள். "சார், ஒரே ஒரு விஷயம்."

"சொல்லுங்கம்மா."

"இந்த இன்டர்நெட்டுப் படத்துல என் பேரு வேணாம்."

தயாரிப்பாளர் தன் காதைத் தேய்த்துக்கொண்டார். "பேரு போடலன்னு சண்டைக்கு வர்றவங்கள நான் பார்த்திருக்கேன். எழுத்த இன்னும் பெரிசா போடுன்னு அழுதவங்களப் பார்த்திருக்கேன். எடுங்கன்னு இப்பதான் கேக்கறேன். கோவமா?"

"கோவம்லாம் ஒண்ணும் இல்ல சார். கோவமா இருந்தா உங்களுக்கே தெரியும், என் வீட்டுக்காரரக் கேளுங்க."

"ரெண்டும் உங்க குரல்தானேம்மா?"

"குரல் ரெண்டும் என்னோடதுதான். ஆனா அன்னிக்கு நான் பேசினது வேற, இன்னிக்கு நீங்க சொல்லிப் பேசினது வேற. அந்தப் பேரு அன்னிக்கு வேலைக்குப் போட்டது. அதத் தூக்கி இதுக்கு ஒட்டாதீங்க."

"அப்ப சுவர்க் குரல்னு போட்டு எதிர்ல என்ன எழுதறது?"

"சுவருக்கெல்லாம் பேரு எதுக்கு. அந்த வரியவே தூக்கிடுங்க. மற்றும் பலர்ல நான் பாட்டுக்கு இருந்துக்கறேன். அது எனக்குப் பழகின இடம்தான்."

தயாரிப்பாளர் தாடியைப் பார்த்தார். தாடி இன்னும் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அங்கிருந்தபடியே மெல்லிய குரலில், "அக்கா, அந்தப் பேட்டியில நான் உடைச்சேன்னு சொன்னது..." என்று ஆரம்பித்தார்.

"பார்த்தேன்."

"வாய் தவறி வந்துடுச்சு. நிறையப் பேரு கேட்டதும், நானே நம்ப ஆரம்பிச்சுட்டேன்."

கும்பலக்காவுக்குச் சிரிப்பு வந்தது. "நான் உடைச்சேன்னு நானும் சொல்ல முடியாது தம்பி. எனக்கும் வாய் தவறித்தான் வந்துச்சு. ஆனா மறுநாள் வந்து சரி பண்றேன்னு சொன்னப்ப வேணாம்னீங்க பாருங்க, அது நீங்க. அத யாராச்சும் பாராட்டினா வாங்கி வச்சுக்கங்க. மீதிய என்கிட்ட குடுத்துடுங்க."

தாடிக்குள் எங்கேயோ ஒரு சிரிப்பு அசைந்த மாதிரி இருந்தது. தயாரிப்பாளர் சரி என்று தலையாட்டினார். அவருக்கு ஒன்றும் புரியவில்லை என்பது பார்த்தாலே தெரிந்தது. ஆனாலும் வாசல் வரை கூடவே வந்து, அவளுக்கு ஆட்டோ பிடித்துக் கொடுத்தார்.

வீட்டில்தான் பூகம்பம். நாத்தனார் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

"இருபது வருஷம் கழிச்சு ஒரு தடவ பேரு வந்துச்சு, அதையும் நீங்களே அழிச்சுட்டு வந்திருக்கீங்க. யாராச்சும் செய்வாங்களா இத?"

"அழிக்கல. தியேட்டர்ல இருக்கு."

"எத்தன நாளைக்கு? எங்க ஸ்கூல்ல எல்லார்கிட்டயும் இன்டர்நெட்ல வரட்டும், எங்கண்ணி பேரக் காட்டறேன்னு சொல்லி வச்சிருக்கேன். எட்டாம் கிளாஸ் பூராவும் காத்துட்டிருக்கு."

"எட்டாம் கிளாஸ ஓட விடு, மறந்துடுவாங்க."

நாத்தனாருக்குக் கண் கலங்கிவிட்டது. விசிலை வாயில் வைத்துக்கொண்டு ஊதாமல் நின்றாள், அழுகையை அடக்க அவளுக்குத் தெரிந்த வழி அதுதான். அப்போது மிக்சியின் கடைசித் திருகை இறுக்கிக்கொண்டிருந்த வீட்டுக்காரர் தலையைத் தூக்காமலேயே பேசினார்.

"ஞாயித்துக்கிழம பகல் காட்சி. மூணு டிக்கெட் எடுத்துட்டேன்."

கும்பலக்கா திரும்பிப் பார்த்தாள். "எப்ப எடுத்தீங்க?"

"அந்தக் கல்லுக்காரர் போன் பண்ணாரே, அன்னிக்கே." பிறகு இன்னொரு வாக்கியம் தேவைப்படுகிறது என்று தோன்றியிருக்க வேண்டும். "நீ இப்படித்தான் ஏதாச்சும் சொல்லிட்டு வருவேன்னு தெரியும்."

ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் போனார்கள். தியேட்டரில் பாதி இருக்கைகள் காலி. ஏசி ஒரு மூலையில் மட்டும் வேலை செய்தது. அந்த மூலையில்தான் எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். நாத்தனார் பாப்கார்ன் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு, பயந்தால் மூடிக்கொள்ள வசதியாகக் கைக்குட்டையை விரித்து வைத்துக்கொண்டாள். படத்தைக் கும்பலக்கா ஏற்கெனவே பார்த்திருந்தாள். அதனால் திரையைப் பார்க்கவில்லை, இருக்கைகளைப் பார்த்தாள்.

சுவர் முதல் தடவை பேசியபோது முன்வரிசைப் பையன்கள், "சாப்ட்டாச்சு, சாப்ட்டாச்சு" என்று கத்தினார்கள். தியேட்டரே கொல்லென்று சிரித்தது. கும்பலக்காவும் சேர்ந்து சிரித்தாள். வீட்டுக்காரர் மட்டும் எழுந்து முன்வரிசைக்குப் போகப் பார்த்தார், அவள் சட்டையைப் பிடித்து உட்கார வைத்தாள். இரண்டாம் தடவை பேசியபோது சிரிப்பு கொஞ்சம் தேய்ந்திருந்தது. மூன்றாம் தடவை, அந்தப் பெண் போர்வைக்குள் இருக்கும்போது, சுவர் மெல்ல, பாசமாக, "தூங்கும்போது முடிய முகத்துல..." என்றது.

ஒருவரும் கத்தவில்லை. முன்வரிசையில் ஒரு பையன் கையை உயர்த்தி, நெற்றியில் விழுந்திருந்த தன் முடியைப் பின்னால் தள்ளிவிட்டுக்கொண்டான். பக்கத்தில் இருந்தவனும் தள்ளினான். நாத்தனார் அண்ணியின் கையைப் பிடித்த பிடியில் வளையல் அழுந்திக் கை சிவந்துவிட்டது. பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிற ஆளின் குரலுக்கு, அந்த ஆளின் கையையே பிடித்துக்கொண்டு பயந்தாள் அவள்.

படம் முடிந்து விளக்குப் போட்டதும் ஆட்கள் எழுந்தார்கள். பெயர்கள் ஓட ஆரம்பித்தன. வழியில் நின்று மறைத்த ஒருவரிடம் வீட்டுக்காரர், "கொஞ்சம் உக்காருங்க, எங்க ஆளு வருது," என்றார். அவர் பாவம், உட்கார்ந்தார். நாத்தனாரும் வீட்டுக்காரரும் எழுந்து நின்றார்கள். சுவர்க் குரல் என்று வந்தது. எதிரே பெயர் வந்தது. கண் சிமிட்டுகிற நேரம்தான், போய்விட்டது. உட்கார்ந்தவர், "எதுங்க?" என்று கேட்டார். "போயிடுச்சு," என்றார் வீட்டுக்காரர், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு.

வெளியே கழிப்பறை வாசலில் பெண்கள் வரிசை நீண்டிருந்தது. கும்பலக்காவுக்கு முன்னால் காலேஜ் பெண்கள் இரண்டு பேர் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். குட்டையானவள், செம படம், இன்னும் கை நடுங்குகிறது பார் என்றாள். நெட்டையானவள், காசு தண்டம், தலைவலி என்றாள். குட்டையானவள் திரும்பி, பின்னால் நிற்பவளை மத்தியஸ்தத்துக்கு இழுத்தாள்.

"அக்கா, நீங்க சொல்லுங்க. படம் எப்படி?"

கும்பலக்கா யோசித்தாள். கேட்டார்களே என்பதற்காகச் சொல்லக் கூடாது, நியாயமாகச் சொல்ல வேண்டும்.

"ரெண்டாவது பாதி இழுவை," என்றாள். "அந்தப் பக்கத்து வீட்டுக்காரன் எதுக்கு வந்தான்னே தெரியல. அந்தப் பொண்ணுக்கு உடம்பு சரியில்லன்னா ஒரு டாக்டர்கிட்டயாவது காட்டியிருக்கலாம், அதையும் காட்டல. அந்தச் சுவர்க் குரல் மட்டும் பிரமாதம்."

"ஐயோ அக்கா, அந்தக் குரல்தான் மொக்கையே," என்றாள் நெட்டையானவள். "ஒண்ணையும் முழுசா சொல்லாம. எனக்கு எரிச்சலா வந்துச்சு."

"உனக்கு எரிச்சலா இருந்துச்சா?"

"ஆமாக்கா."

"இருக்கட்டும். அது உன் காது," என்றாள் கும்பலக்கா. "என் காதுக்கு, இந்த மாதிரி ஒரு குரல இத்தன வருஷத்துல நான் கேட்டதில்ல."

வரிசை நகர்ந்தது. நெட்டையானவள் உள்ளே போகும்போது கண்ணாடியில் பார்த்து, முகத்தில் விழுந்த முடியை அவசரமாகக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிக்கொண்டாள். கும்பலக்கா ஓரடி முன்னால் நகர்ந்தாள். அடுத்தது அவள் முறை.